குடல் சுவர் கெட்ட பாக்டீரியாவை எப்படி அடையாளம் காண்கிறது, பிறகு என்ன செய்கிறது?

உணவு வழியாகப் பரவிய தொற்று பற்றிச் செய்தி வரும்போதெல்லாம், கூடவே "குடலின் எதிர்ப்பு சக்தியைக் கூட்டுங்கள்" என்ற அறிவுரையும் வந்துவிடுகிறது. புரோபயாட்டிக் (நன்மை தருவதாகச் சொல்லப்படும் உயிருள்ள பாக்டீரியா) பொடி, 'குடல் கசிவு' மாத்திரை, நோயெதிர்ப்பு பானம் என்று பட்டியல் நீளும். இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: எதிர்ப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது. குடலைப் பொறுத்தவரை இது தவறு. குடல் சுவரின் நோயெதிர்ப்பு அமைப்பு தன் உழைப்பில் பெரும்பகுதியைச் சண்டை வராமல் பார்த்துக்கொள்வதற்கே செலவிடுகிறது. சண்டை எப்போது தேவை, எங்கே தேவை, எவ்வளவு நேரம் தேவை என்று முடிவு செய்வதுதான் அதன் உண்மையான திறமை. அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## ஒரே ஒரு செல் அடுக்கு

குடலின் உட்பரப்பை மூடியிருப்பது எபிதீலியல் செல்களால் ஆன ஒரே ஓர் அடுக்கு. அதன் தடிமன் ஏறத்தாழ 20 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. தோலுக்குப் பல அடுக்குச் செல்கள் உண்டு, மேலே இறந்த செல்களின் காய்ந்த படலமும் உண்டு. குடலுக்கு அது முடியாது. தடித்துப்போனால் சத்துகளை உறிஞ்ச முடியாது. உறிஞ்சவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும் என்ற இரண்டு வேலைகளையும் இந்த மெல்லிய அடுக்கே செய்கிறது.

இதன் பரப்பளவை டென்னிஸ் மைதானம் அளவு என்று பழைய பாடநூல்கள் எழுதின. 2014இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் மறுபடி அளந்து, சுமார் 30 சதுர மீட்டர்தான் என்று திருத்தினார்கள். அதுவே பெரிய பரப்புதான். இந்தச் செல்கள் மூன்று முதல் ஐந்து நாள்களுக்குள் உதிர்ந்து, புதியவை அந்த இடத்துக்கு வந்துவிடுகின்றன. குடல் சுவரில் சின்னச் சின்னக் குழிகள் உண்டு. அவற்றின் அடியில் இருக்கும் ஸ்டெம் செல்கள் ஓயாமல் பிரிந்து புதிய செல்களை மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன.

இந்த அடுக்கின் ஒரு பக்கத்தில் ரத்தக்குழாய்கள், நிணநீர்க்குழாய்கள், ஏராளமான நோயெதிர்ப்புச் செல்கள். உடலில் ஆன்டிபாடி (கிருமியை இனம்கண்டு ஒட்டிக்கொள்ளும் புரதம்) சுரக்கும் பிளாஸ்மா செல்களில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. மறுபக்கத்தில் உணவு, அதோடு பாக்டீரியா. ஒரு மனித உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016இல் வெளியான கணக்கீடு சொல்கிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வசிக்கின்றன.

இவை எதிரிகள் அல்ல. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை நொதிக்க வைத்து, பெருங்குடல் செல்களுக்கு எரிபொருளாகும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தருகின்றன. வைட்டமின் கே தயாரிக்கின்றன. இவற்றை அழித்துவிட்டால் நஷ்டம் நமக்குத்தான். ஆனால் இதே பாக்டீரியா அந்த 20 மைக்ரானைக் கடந்து ரத்தத்துக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பிரச்சினையின் மையம் இதுதான்: நல்லது, கெட்டது என்பதைப் பாக்டீரியாவின் பெயர் மட்டும் தீர்மானிப்பதில்லை, அது நிற்கும் இடமும் தீர்மானிக்கிறது.

## முதல் வேலை: தள்ளி நிறுத்துவது

சண்டை தொடங்குவதற்கு முன்பே இருக்கும் ஏற்பாடுகள் இவை.

1. இரைப்பை அமிலம். வெறும் வயிற்றில் அமிலத்தன்மை பிஎச் 1.5 முதல் 2 வரை இருக்கும். வாய்வழி நுழையும் பாக்டீரியாவில் பெரும்பாலானவை இங்கேயே சாகின்றன. தன்னார்வலர்களிடம் நடந்த காலரா ஆய்வுகளில், முதலில் அமிலத்தைச் சமன்படுத்தியபோது, நோய் உண்டாக்கத் தேவைப்பட்ட கிருமிகளின் எண்ணிக்கை பல ஆயிரம் மடங்கு குறைந்தது.

2. சளிப்படலம். இதற்குக் கிடைக்கும் கவனம் குறைவு, செய்யும் வேலையோ மிகப் பெரியது. எபிதீலியல் அடுக்குக்குள் ஆங்காங்கே இருக்கும் கோப்லெட் செல்கள் மியூசின்-2 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. சுரந்ததும் அது தண்ணீரை உறிஞ்சிப் பல மடங்கு உப்பி, வலைபோல் பின்னிக்கொள்ளும். சிறுகுடலில் இந்தச் சளி ஒற்றை அடுக்கு, தளர்வானது. பெருங்குடலில் இரண்டு அடுக்கு. வெளி அடுக்கு தளர்வாக இருக்கும், அதில் பாக்டீரியா வசிக்கலாம். உள் அடுக்கு செல்களோடு ஒட்டி, இறுக்கமாக இருக்கும். அதில் ஏறத்தாழ பாக்டீரியாவே இருக்காது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகக் குழு 2008இல் இதை எலிகளில் படமாகவே காட்டியது. மியூசின்-2 மரபணு இல்லாத எலிகளில் பாக்டீரியா நேராகச் செல்களைத் தொட்டன. அந்த எலிகளுக்குப் பெருங்குடல் அழற்சி வந்தது, காலப்போக்கில் புற்றுநோயும் வந்தது. பாக்டீரியா மாறவில்லை, இடைவெளி மட்டும்தான் போனது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். குடல் பாக்டீரியாவில் சில, தின்ன நார்ச்சத்து கிடைக்காதபோது சளியில் உள்ள சர்க்கரைகளைத் தின்னத் தொடங்குகின்றன. மனிதக் குடல் பாக்டீரியாவைக் குடியேற்றிய எலிகளில் 2016இல் நடந்த ஆய்வில், நார்ச்சத்து இல்லாத உணவு தந்தபோது சளி மெலிந்தது. அந்த எலிகளை, எலிகளுக்கே உரிய சிட்ரோபாக்டர் என்ற குடல் நோய்க்கிருமி எளிதில் தாக்கியது.

3. செல்களுக்கு இடையிலான பூட்டு. பக்கத்துப் பக்கத்துச் செல்களை கிளாடின், ஒக்ளூடின் முதலிய புரதங்கள் இறுக்கிப் பிணைக்கின்றன. நீரும் சில உப்பு அயனிகளும் அளவோடு இந்த இடைவெளியில் போய்வரலாம். முழு பாக்டீரியா போக முடியாது.

4. பனெத் செல்கள். சிறுகுடல் குழிகளின் அடியில், ஸ்டெம் செல்களுக்குப் பக்கத்திலேயே இருப்பவை. 19ஆம் நூற்றாண்டின் ஆஸ்திரிய மருத்துவர் ஜோசஃப் பனெத்தின் பெயரைத் தாங்கியவை. டிஃபென்சின், லைசோசைம், ரெக்-3 குடும்பப் புரதங்கள் போன்ற இயற்கைக் கிருமிக்கொல்லிகளை இவை சுரக்கின்றன. ரெக்-3 காமா என்ற புரதம் எபிதீலியல் அடுக்கின் மேல் சுமார் 50 மைக்ரான் அகலத்துக்குப் பாக்டீரியா அண்டாத ஒரு பட்டையைக் காத்து வைப்பதாக 2011இல் எலிகளில் காட்டினார்கள்.

5. ஐஜிஏ ஆன்டிபாடி. மற்ற எல்லா ஆன்டிபாடி வகைகளையும் கூட்டினாலும் அதைவிட அதிகமாக உடல் தயாரிப்பது இதைத்தான். நாளொன்றுக்குச் சில கிராம் அளவில் குடலுக்குள் சுரக்கிறது. சுவருக்கு அடியில் உள்ள பிளாஸ்மா செல்கள் இதைத் தயாரிக்க, எபிதீலியல் செல்கள் தூக்கிச் சென்று மறுபக்கம் விடுகின்றன.

ஐஜிஏ பெரும்பாலும் கிருமியைக் கொல்வதில்லை. அழற்சியையும் கிளப்புவதில்லை. ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். அப்படி ஒட்டினால் பாக்டீரியா சுவரில் பற்ற முடியாது, நச்சும் செல்லை எட்டாது. 2017இல் ஓர் அழகான விவரம் தெரியவந்தது. பாக்டீரியா ஒன்று இரண்டாகப் பிரியும்போது, அதன்மேல் உள்ள ஐஜிஏ இரண்டையும் விலகவிடாமல் பிணைத்து வைக்கிறது. அடுத்த பிரிவில் நான்கு, பிறகு எட்டு. மாலையில் கோத்த மணிகள்போல ஒரே கொத்தாகி, மலத்தோடு வெளியேறிவிடுகின்றன. பாக்டீரியா எவ்வளவு வேகமாகப் பெருகுகிறதோ அவ்வளவு பெரிய கொத்து. ஆக, வேகமாகப் பெருகும் நோய்க்கிருமிதான் இதில் அதிகம் மாட்டுகிறது.

பிறந்த குழந்தைக்குச் சொந்த ஐஜிஏ போதிய அளவு சுரக்கச் சில வாரங்களாவது ஆகும். அதுவரை தாய்ப்பால், முக்கியமாகச் சீம்பால், அந்த இடத்தை நிரப்புகிறது.

6. ஏற்கெனவே குடியிருப்பவை. வழக்கமான குடல் பாக்டீரியா உணவையும் இடத்தையும் பிடித்து வைத்திருப்பதே புதிய கிருமிக்குப் பெரிய தடை. 1954இல் வெளியான எலி ஆய்வு ஒன்றில், சால்மொனெல்லா தொற்று உண்டாக்க வழக்கமாகச் சுமார் ஒரு லட்சம் கிருமிகள் தேவைப்பட்டன. ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்த எலிகளுக்குப் பத்துக்கும் குறைவான கிருமிகளே போதுமாயிருந்தன.

## எதிரி என்று எப்படித் தெரியும்?

நோயெதிர்ப்புச் செல்கள் பாக்டீரியாவுக்கே உரிய சில பொருள்களை அடையாளமாகக் கொள்கின்றன. கிராம்-நெகட்டிவ் என்ற பெரும் பிரிவைச் சேர்ந்த பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள எல்பிஎஸ் என்ற கொழுப்பு-சர்க்கரைக் கூட்டுப்பொருள், நீந்தப் பயன்படும் கசையிழையின் ஃபிளாஜெலின் புரதம், செல்சுவரின் பெப்டிடோகிளைக்கன் ஆகியவை முக்கியமானவை. இவற்றை உணரும் டோல் ஏற்பிகள் என்ற புரதங்கள் பற்றிய கண்டுபிடிப்புக்காக ஜூல்ஸ் ஹாஃப்மன், புரூஸ் பாய்ட்லர் இருவரும் 2011 நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

சரி, இந்தப் பொருள்கள் நல்ல பாக்டீரியாவிலும்தானே இருக்கின்றன? இருக்கின்றன. மூலக்கூறை மட்டும் பார்த்தால் சாதுவான ஈ. கோலைக்கும் நோய் தரும் ஈ. கோலைக்கும் பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது. ஆகவே குடல் வேறு குறிப்புகளைச் சேர்த்துப் பார்க்கிறது.

முதல் குறிப்பு, இடம். ஃபிளாஜெலினை உணரும் டோல்-5 ஏற்பி எபிதீலியல் செல்லின் அடிப்பக்கத்திலும் பக்கவாட்டிலுமே அதிகம் செயல்படுகிறது. குடலின் உட்குழியை நோக்கிய மேற்பக்கத்தில் ஃபிளாஜெலின் எவ்வளவு மிதந்தாலும் செல் பொதுவாக அலட்டிக்கொள்வதில்லை. அதே ஃபிளாஜெலின் அடிப்பக்கத்தில் தென்பட்டால், யாரோ சுவரைத் தாண்டிவிட்டார்கள் என்று அர்த்தம். ஏற்பியை வைத்திருக்கும் இடமே பாதி முடிவை எடுத்துவிடுகிறது.

இரண்டாவது, செல்லுக்குள் நுழைவு. செல்லின் உட்திரவத்தில் தனி உணரிகள் உள்ளன. பெப்டிடோகிளைக்கன் துண்டுகளை நாட்-1, நாட்-2 உணர்கின்றன. என்எல்ஆர்சி-4 அமைப்பு ஃபிளாஜெலினையும், நோய்க்கிருமிகள் செல்லுக்குள் புரதம் ஏற்றப் பயன்படுத்தும் ஊசி அமைப்பின் பாகங்களையும் உணர்கிறது. இந்த ஊசி அமைப்பை வைத்து நம் செல்லைத் துளைப்பது நோய்க்கிருமிகளின் வேலை. எனவே அந்தப் பாகங்கள் செல்லுக்குள் தென்படுவது ஏறக்குறைய சந்தேகமில்லாத ஆதாரம்.

மூன்றாவது, சேதம். செல் கிழிந்து அதற்குள் இருக்க வேண்டிய ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு போன்ற பொருள்கள் வெளியே சிந்தினால், அதுவும் அபாய அறிகுறியாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இவை தவிர, குடல் தானாகவே முன்வந்து மாதிரி எடுக்கவும் செய்கிறது. சிறுகுடலில், குறிப்பாக அதன் கடைசிப் பகுதியில், பேயர் திட்டுகள் என்ற நிணநீர்த் திசுக்கள் உள்ளன. சுவிஸ் மருத்துவர் யோஹான் கான்ராட் பேயர் 1677இல் விவரித்தவை. அவற்றின் மேல் இருக்கும் எம் செல்களுக்குச் சளிப் போர்வை குறைவு. குடலில் உள்ள பாக்டீரியாவையும் துகள்களையும் வேண்டுமென்றே உள்ளே இழுத்து, அடியில் காத்திருக்கும் டென்ட்ரிட்டிக் செல்களிடம் (மற்ற நோயெதிர்ப்புச் செல்களுக்கு மாதிரி காட்டுபவை) தருகின்றன. எந்த பாக்டீரியாவுக்கு எதிராக ஐஜிஏ தயாரிக்க வேண்டும் என்ற தகவல் பெருமளவு இப்படித்தான் கிடைக்கிறது. இதே வாசல் வழியாகச் சில கிருமிகளும் நுழைகின்றன. அதைப் பின்னால் பார்க்கலாம்.

## ஒரு சால்மொனெல்லா உள்ளே வந்தால்

உணவு நச்சாகும் நிகழ்வுகளில் அடிக்கடி பெயர் அடிபடும் கிருமி இது. இதை மட்டும் எடுத்துக்கொண்டு, நடப்பதை வரிசையாகப் பார்ப்போம். இங்கே வரும் நுணுக்கமான விவரங்களில் பல எலிகளில் கண்டறியப்பட்டவை.

நிமிடங்களில்: சால்மொனெல்லா செல்லை ஒட்டி, ஊசி அமைப்பால் சில புரதங்களைச் செல்லுக்குள் ஏற்றுகிறது. அவை செல்லின் உள் எலும்புக்கூடான ஆக்டின் இழைகளைக் கலைத்து மறுபடி கட்டவைக்கின்றன. செல்லின் மேற்பரப்பு அலை அலையாக எழும்பி, பாக்டீரியாவை வளைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது.

சில மணி நேரத்தில்: என்எல்ஆர்சி-4 விழித்துக்கொள்கிறது. தொற்றிய செல் தன்னையே பலி கொடுக்கிறது. அது செத்துக் கிடந்தால் சுவரில் ஓட்டை விழுமே? விழாது. சுற்றியிருக்கும் செல்கள் சுருங்கி அடிப்பக்கம் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ள, பாதிக்கப்பட்ட செல் பாக்டீரியாவோடு சேர்த்து உட்குழிக்குள் தள்ளப்படுகிறது. கதவு மூடிய பிறகுதான் வெளியேற்றம். 2014இல் சூரிக் ஆய்வாளர்கள், இந்த வெளியேற்றம் இல்லாத எலிகளின் குடல் சுவரில் சால்மொனெல்லா பல மடங்கு பெருகுவதைக் காட்டினார்கள். குடலின் எல்லாத் தற்காப்புகளிலும் வியக்க வைப்பது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சில நாள்களில் எப்படியும் உதிரப்போகும் செல்லைச் சற்று முன்னதாகவே விட்டுவிட்டு, அதோடு கிருமியையும் அனுப்பிவிடுகிறது.

முதல் நாளில்: சாகும் செல்லும் பக்கத்துச் செல்களும் சைட்டோகைன் எனப்படும் செய்திப் புரதங்களை வெளியிடுகின்றன. அவற்றில் ஒன்றான இன்டர்லூக்கின்-8 ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களை வரவழைக்கிறது. அவை சுவரைக் கடந்து உட்குழிக்கே வந்து, பாக்டீரியாவை விழுங்குகின்றன, வீரியமான ஆக்சிஜன் சேர்மங்களைக் கக்குகின்றன. அவற்றிடம் நிறைந்திருக்கும் கால்புரோடெக்டின் என்ற புரதம், பாக்டீரியா வளரத் தேவையான துத்தநாகத்தையும் மாங்கனீசையும் பிடித்து வைத்துப் பட்டினி போடுகிறது. மலத்தில் கால்புரோடெக்டின் அளவைப் பார்க்கும் பரிசோதனை குடல் அழற்சியைக் கண்டறிய உதவுவது இதனால்தான்.

அதே வேளையில்: சுவருக்கு அடியில் உள்ள ஐஎல்சி-3 வகை நோயெதிர்ப்புச் செல்களும், பிறகு டிஎச்-17 வகை டி செல்களும் (டி செல் என்பது குறிப்பிட்ட கிருமியை அறிந்து செயல்படும் வெள்ளணு) இன்டர்லூக்கின்-22 என்ற சைட்டோகைனைச் சுரக்கின்றன. இது முக்கியமாக எபிதீலியல் செல்களிடம் பேசும் செய்தி: சளியைக் கூட்டு, ரெக்-3 புரதங்களைக் கூட்டு, சேதத்தைச் சரி செய். 2017இல் எலிகளில் இன்னொரு விளைவும் தெரிந்தது. இன்டர்லூக்கின்-22 கிளாடின்-2 என்ற புரதத்தைக் கூட்டுகிறது. செல்களுக்கு இடையே சோடியமும் தண்ணீரும் குடலுக்குள் அதிகமாகப் பாய்கின்றன. கிளாடின்-2 இல்லாத எலிகளில் வயிற்றுப்போக்கு குறைவாக இருந்தது, ஆனால் கிருமி அதிக நாள் தங்கியது, குடல் சேதமும் அதிகமானது. வயிற்றுப்போக்கின் ஒரு பகுதி நோயின் விளைவு என்பதைவிட, குடலே திட்டமிட்டுச் செய்யும் கழுவல் என்பதற்கு இது நல்ல ஆதாரம்.

ஒரு வாரம் வாக்கில்: டென்ட்ரிட்டிக் செல்கள் கிருமியின் துண்டுகளைக் குடல்சார் நிணநீர்க்கணுக்களுக்கு எடுத்துச் சென்று டி செல்களையும், ஆன்டிபாடி தரப்போகும் பி செல்களையும் பழக்குகின்றன. பழகிய செல்கள் மறுபடி குடலுக்கே திரும்ப வேண்டும். அந்த முகவரியை அவற்றில் பதிப்பது வைட்டமின் ஏ-யிலிருந்து டென்ட்ரிட்டிக் செல்கள் தயாரிக்கும் ரெட்டினாயிக் அமிலம். வைட்டமின் ஏ குறைவான குழந்தைகள் வயிற்றுப்போக்கால் அதிகம் பாதிக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். பிறகு அந்தக் கிருமிக்கென்றே ஆன ஐஜிஏ சுரக்கத் தொடங்கும்.

## கிருமிகளின் பதில் உத்திகள்

இவ்வளவு இருந்தும் நோய் வருகிறது என்றால், கிருமிகளும் இதே விதிகளைப் படித்துவைத்திருக்கின்றன என்று பொருள். நான்கு கிருமிகள், நான்கு வழிகள்.

1. அழற்சியையே உணவாக்கும் சால்மொனெல்லா டைஃபிமூரியம். நியூட்ரோஃபில்கள் கக்கும் ஆக்சிஜன் சேர்மங்கள், குடலில் இருக்கும் தயோசல்ஃபேட்டை டெட்ராதயோனேட்டாக மாற்றுகின்றன. சால்மொனெல்லாவால் அதை வைத்துச் சுவாசிக்க முடியும், குடலின் வழக்கமான பாக்டீரியாவில் பெரும்பாலானவற்றால் முடியாது. 2010இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு முக்கியமானது. சால்மொனெல்லா அழற்சியைத் தாங்கிக்கொள்வதோடு நிற்பதில்லை, போட்டியாளர்களை ஒழிக்க அதையே கிளப்பிவிடுகிறது. 'எதிர்ப்பு அதிகமானால் நல்லது' என்ற எண்ணம் இந்த ஓர் உதாரணத்திலேயே உடைந்துவிடுகிறது.

2. சத்தமின்றிக் கடக்கும் டைஃபாய்டு கிருமி. சால்மொனெல்லா டைஃபி மேற்சொன்னதன் நெருங்கிய உறவு, ஆனால் நேர்மாறான உத்தி. 'வி' எனப்படும் சர்க்கரை உறையால் தன் எல்பிஎஸ்ஸை மறைத்துக்கொள்கிறது. டோல்-4 ஏற்பி சரியாக உணர்வதில்லை, நியூட்ரோஃபில்கள் திரள்வதில்லை. எம் செல்கள் வழியாகவும் மற்ற வழிகளிலும் நுழைந்து, கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களுக்குள்ளேயே ஒளிந்து, கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை வரை போய்விடுகிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கும். பித்தப்பை வழியாகக் கிருமி மறுபடி குடலுக்கு வந்து, ஏற்கெனவே இதை அறிந்துவிட்ட பேயர் திட்டுகளில் கடும் அழற்சியை உண்டாக்குகிறது. சிகிச்சை பெறாத டைஃபாய்டில் மூன்றாவது வாரம் வாக்கில் குடலில் ரத்தக்கசிவோ ஓட்டையோ விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இப்போதைய டைஃபாய்டு தடுப்பூசிகள் அந்த 'வி' உறையையே நோயெதிர்ப்பு அமைப்புக்கு அறிமுகம் செய்துவைக்கின்றன.

3. பின்வாசலால் வரும் ஷிகெல்லா. சீதபேதிக்கு முக்கியக் காரணம். 10 முதல் 100 கிருமிகளே நோய் தரப் போதும். மேற்பக்கத்திலிருந்து எபிதீலியல் செல்லுக்குள் நுழைய இதனால் எளிதில் முடியாது. எம் செல் வழியாகக் கீழே இறங்கி, அங்கே விழுங்கும் மேக்ரோஃபேஜைக் கொன்று, அடிப்பக்கமாகச் செல்களுக்குள் ஏறுகிறது. பிறகு வெளியே வராமலேயே செல்லுக்குச் செல் தாவுகிறது. செல்லின் தற்கொலையைத் தூண்டும் கேஸ்பேஸ்-4 போன்ற புரதங்களை முடக்கவும் தனிப் புரதங்கள் வைத்திருக்கிறது. திரளும் நியூட்ரோஃபில்களால் சுவர் கிழிகிறது. மலத்தில் ரத்தமும் சளியும் வருவது அதனால்.

4. உள்ளேயே நுழையாத காலரா. விப்ரியோ காலரே சுவரைத் தாண்டுவதில்லை. மேலே ஒட்டி நின்று நச்சை மட்டும் செலுத்துகிறது. அந்த நச்சு செல்லின் குளோரைடு வாய்களைத் திறந்தே வைக்க, உப்பைத் தொடர்ந்து தண்ணீர் கொட்டுகிறது. கடுமையான நிலையில் மணிக்கு ஒரு லிட்டர் வரை போகலாம். சுவர் கிழியவில்லை, அழற்சியும் பெரிதாக இல்லை. எனவே உறிஞ்சும் திறன் அப்படியே இருக்கிறது. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து வந்தால் உறிஞ்சிக்கொள்ளும் புரதம் வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது. ஓஆர்எஸ் கரைசல் உயிர் காப்பது இந்த ஒரு காரணத்தால்தான்.

## அடக்கி வைக்கும் ஏற்பாடு

எச்சரிக்கையைக் கிளப்பும் ஒவ்வொன்றுக்கும் எதிராக, அதை அடக்கும் ஒன்று குடலில் இருக்கிறது. குடல் சுவரின் மேக்ரோஃபேஜ்கள் பாக்டீரியாவை விழுங்கிக் கொல்கின்றன, ஆனால் உடலின் மற்ற இடங்களில் உள்ள மேக்ரோஃபேஜ்கள்போல அழற்சிச் செய்திகளை வாரி இறைப்பதில்லை. ரெகுலேட்டரி டி செல்கள் இன்டர்லூக்கின்-10, டிஜிஎஃப்-பீட்டா போன்றவற்றைச் சுரந்து மற்ற டி செல்களை அமைதிப்படுத்துகின்றன. இந்த வகைச் செல்கள் பற்றிய கண்டுபிடிப்புக்காகத்தான் 2025 மருத்துவ நோபல் பரிசு மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் கிடைத்தது. குடல் பாக்டீரியா தரும் பியூட்டிரேட் இந்தச் செல்கள் பெருக உதவுகிறது என்று 2013இல் எலிகளில் காட்டப்பட்டது. தன்னை அமைதியாக விட்டுவைக்கும் செல்லுக்குப் பாக்டீரியாவே ஊக்கம் தருகிறது என்று சொல்லலாம்.

இந்த அடக்கம் எவ்வளவு அவசியம் என்பது அது இல்லாதபோது தெரிகிறது. 1993இல், இன்டர்லூக்கின்-10 மரபணு நீக்கிய எலிகளுக்குத் தீவிரக் குடல் அழற்சி வந்தது. அவற்றைக் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்தபோது அழற்சி வரவில்லை. தாக்கப்பட்டவை சாதாரண குடல் பாக்டீரியாதான். இதே புரதத்தின் ஏற்பியில் பிறவிக் குறை உள்ள குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதங்களிலேயே கடுமையான குடல் அழற்சி வருவதை 2009இல் கண்டறிந்தார்கள். உணர்வது குறைந்தாலும் ஆபத்துதான். 2001இல் கிரோன் நோய் என்ற நீடித்த குடல் அழற்சியோடு தொடர்புள்ளதாகக் கண்டறியப்பட்ட முதல் மரபணு, மேலே பார்த்த உணரி நாட்-2-இன் மரபணு.

## இதனால் நடைமுறையில் என்ன மாறுகிறது?

வயிற்றுப்போக்கை உடனே நிறுத்தும் மாத்திரை. காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் குடல் அசைவைக் குறைக்கும் லோபரமைடு போன்ற மருந்தைத் தானாக எடுக்கக் கூடாது. சிறு குழந்தைகளுக்கு அதை எந்த நிலையிலும் தானாகக் கொடுக்கக் கூடாது. கிருமியையும் நச்சையும் உள்ளேயே தேக்கி வைப்பதாக முடியும். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீரிழப்பு. எனவே முதல் சிகிச்சை ஓஆர்எஸ். 2002இல் திருத்தப்பட்ட உலக சுகாதார நிறுவனக் கலவையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சோடியம் குளோரைடு, அவற்றோடு பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் இருக்கும். சர்க்கரையைத் தாராளமாகச் சேர்த்தால் நல்லது என்று நினைத்துக் கூட்டிவிடக் கூடாது. செறிவு கூடினால் தண்ணீர் உடலிலிருந்து குடலுக்குள்தான் இழுக்கப்படும். குழந்தைகளுக்கு இதோடு 10 முதல் 14 நாள் துத்தநாகமும் பரிந்துரைக்கப்படுகிறது.

ஆன்டிபயாட்டிக். சீதபேதி, காலரா, டைஃபாய்டில் மருத்துவர் தருவதற்குத் தெளிவான காரணம் உண்டு. சாதாரண வயிற்றுப்போக்குக்குத் தானாக வாங்கிச் சாப்பிடுவது வேறு கதை. குடியிருக்கும் பாக்டீரியா அழிந்து, 1954 எலிகளின் நிலைமை நமக்கு வரும். ஆன்டிபயாட்டிக்குக்குப் பிறகு வரும் க்ளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் தொற்று இதற்கு நேரடி உதாரணம். ஷிகா நச்சு சுரக்கும் ஈ. கோலை ஓ157 தொற்றில், சில ஆன்டிபயாட்டிக்குகள் நச்சு வெளியேற்றத்தையே கூட்டிச் சிறுநீரகப் பாதிப்புக்கு வழிசெய்யலாம் என்பதால் பொதுவாகத் தவிர்க்கிறார்கள்.

புரோபயாட்டிக். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. எந்த இனம், எந்த நோய், யாருக்கு என்பதைப் பொறுத்தது. ஆனால் பரவலான நம்பிக்கைக்கு எதிரான வலுவான ஆதாரங்கள் உண்டு. 2018இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த இரண்டு பெரிய சோதனைகளில், திடீர் வயிற்றுப்போக்கு வந்த 1,800க்கும் மேற்பட்ட குழந்தைகளில் லாக்டோபேசில்லஸ் அடங்கிய புரோபயாட்டிக் பெற்றவர்கள், வெற்று மருந்து பெற்றவர்களைவிட விரைவாகக் குணமாகவில்லை. அதே ஆண்டு இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், ஆன்டிபயாட்டிக்குக்குப் பின் புரோபயாட்டிக் எடுத்தவர்களின் சொந்தக் குடல் பாக்டீரியா பழைய நிலைக்குத் திரும்புவது தாமதமானது.

'குடல் கசிவு'. செல்களுக்கு இடையிலான பூட்டு தளர்வது உண்மையான நிகழ்வு. தொற்றிலும், கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயிலும், கிரோன் நோயிலும் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் சோர்வு, முகப்பரு, மறதி என எல்லாவற்றுக்கும் இதுவே மூலகாரணம் என்றும், ஒரு மாத்திரை அதை அடைத்துவிடும் என்றும் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. மேலே பார்த்தபடி, கிருமியைக் கழுவித் தள்ளக் குடலே சில நேரம் அந்த இடைவெளியைக் கூட்டுகிறது.

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. தேவைப்படுபவர்களுக்கு இது அவசியமான மருந்துதான். ஆனால் நீண்ட நாள் எடுப்பவர்களுக்குச் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற குடல் தொற்றுகள் வரும் வாய்ப்பு சற்று அதிகம்.

வாய்வழித் தடுப்பு மருந்து. ரோட்டா வைரஸ், காலரா, போலியோ சொட்டு மருந்துகள் வாய்வழி தரப்படுவதற்கு ஊசி பயம் காரணமல்ல. குடலின் நிணநீர்த் திசுவை நேரடியாகத் தூண்டி, அங்கேயே ஐஜிஏ சுரக்க வைப்பதுதான் நோக்கம். தசையில் போடும் ஊசி ரத்தத்தில் நல்ல ஆன்டிபாடி தரும், குடல் பரப்பில் அவ்வளவு தராது.

## தொற்று முடிந்த பிறகு

கிருமி வெளியேறியதும் சுவர் வேகமாக மூடிக்கொள்கிறது. ஓரத்துச் செல்கள் தட்டையாகி நகர்ந்து காயத்தை மூடும், அப்புறம் ஸ்டெம் செல்கள் புதியவற்றை அனுப்பும். ஆனால் புதிய செல்கள் முதிர நேரம் பிடிக்கும். பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி, சிறுகுடலின் நுண்விரல்களில் ஏறி முதிர்ந்த செல்களில்தான் இருக்கும். கடும் வயிற்றுப்போக்குக்குப் பின் சில நாள்கள் பால் ஒத்துக்கொள்ளாமல் போவது இதனால்தான். செல்கள் முதிர்ந்ததும் பெரும்பாலும் தானாகச் சரியாகும்.

சிலருக்கு அப்படி முடிவதில்லை. குடல் தொற்று வந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, கிருமி போன பிறகும் மாதக்கணக்கில் வயிற்றுவலியும் ஒழுங்கற்ற மலப்போக்கும் நீடிக்கிறது. பரிசோதனைகளில் எதுவும் தெரியாததால் 'எல்லாம் மனசுதான்' என்று இவர்களிடம் சொல்லி அனுப்புவது உண்டு. 2021இல் பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழக ஆய்வு இதற்கு ஓர் உடல்ரீதியான விளக்கத்தைத் தந்தது. எலிகளுக்குக் குடல் தொற்று இருந்தபோது ஒரு குறிப்பிட்ட உணவுப் புரதத்தையும் கொடுத்தார்கள். தொற்று முழுக்கக் குணமான பிறகு அதே புரதத்தைத் தந்தபோது, குடல் சுவரில் மட்டும் அதற்கு எதிரான, ஒவ்வாமையில் வரும் ஐஜிஇ வகை ஆன்டிபாடி இருந்தது. அங்குள்ள மாஸ்ட் செல்கள் என்ற ஒவ்வாமைச் செல்கள் ஹிஸ்டமின் முதலியவற்றை வெளியிட, குடல் நரம்புகள் கூருணர்வு அடைந்து வலித்தது. தொற்றின் கலவரத்தில் குடல் அந்த உணவையும் எதிரியின் கணக்கில் எழுதிவிட்டது. ரத்தத்திலோ தோல் பரிசோதனையிலோ இது தெரியாது. இதுபோல் வலியும் ஒழுங்கற்ற மலப்போக்கும் நீடிக்கும் எரிச்சல் குடல் நோயுள்ள சிலரின் குடல் சுவரில் உணவுப் பொருளை நேரடியாகச் செலுத்திப் பார்த்தபோது, அவர்களிடமும் அந்த இடத்தில் மட்டும் வீக்கமும் மாஸ்ட் செல் தூண்டலும் தெரிந்தன.